எனக்கு நடந்ததாம்

தமிழர்களுக்குப் பிரெஞ்சு கற்றுக்கொடுக்கிறவர்களோடு எனக்கு ஒரு பழைய சண்டை இருக்கிறது. நானும் அவர்களில் ஒருத்திதான் என்பதால் இதைக் குடும்பச் சண்டை என்றே வைத்துக்கொள்ளலாம். சண்டை ஒரு வினைவடிவத்தைப் பற்றியது. பிரெஞ்சில் அதற்குக் ‘கோந்திசியொனெல் பாஸே’ என்று பெயர். ‘நிபந்தனை இறந்தகாலம்’ என்று நாம் மொழிபெயர்த்துக்கொள்கிறோம். பிறகு புத்தகத்தின் கடைசிக்கு முந்திய பாடத்தில் அதை வைத்து, ஒரு கட்டம் போட்டு, பத்து வாக்கியம் கொடுத்து, கையைக் கழுவிவிடுகிறோம். “அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ரொட்டி வாங்கக் கத்துக்கட்டும்” என்பது எல்லோரும் சொல்லும் நியாயம். பல வருஷம் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்வதில்லை. காரணம் ஒரு ஐயா. அவரை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். இலக்கணத்தை மட்டும் மாற்றவில்லை.

பாரிஸின் வடக்குப் புறநகர் ஒன்றில் சனிக்கிழமை மாலைகளில் ஒரு சின்ன வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் ஈழத்தமிழர்கள். ரெஸ்டோரன்ட் சமையலறைகளில் கோப்பை கழுவுகிறவர்கள், விடிகாலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறவர்கள், லா ஷப்பல் கடைகளில் நிற்கிறவர்கள். நான் புதுச்சேரிக்காரி. என் தமிழைக் கேட்டு அவர்களும் அவர்கள் தமிழைக் கேட்டு நானும் ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டோம். என்னை ‘ரீச்சர்’ என்பார்கள். வயதானவர்கள் ‘பிள்ளை’ என்பார்கள்.

அந்த ஐயா ஒருநாள் வகுப்பு முடிந்த பிறகு நின்றார். பிளாஸ்டிக் உறையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார். “பிள்ளை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. அடுத்த மாசம் இன்டர்வியூ. என்ன எழுதிக் கிடக்குதெண்டு எனக்கே தெரியாது.”

அகதி விண்ணப்பத்தோடு அவர் அனுப்பியிருந்த கதையின் நகல் அது. பிரான்சில் தஞ்சம் கேட்கிறவர், தனக்கு நேர்ந்ததைப் பிரெஞ்சில் எழுதி, ‘ஒஃப்ப்ரா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அகதிகள் அலுவலகத்துக்கு 21 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். மொழி தெரியாத நாட்டில் வந்து இறங்கியவருக்கு மூன்று வாரம். ஆகவே யாரோ ஒருவர் எழுதிக் கொடுப்பார். எங்கள் வட்டாரத்தில் இதற்குக் ‘கேஸ் எழுதுறது’ என்று பெயர். சிலர் மனிதாபிமானத்தில் எழுதுவார்கள், சிலர் காசுக்கு எழுதுவார்கள், சிலர் நன்றாகவும் எழுதுவார்கள்.

ஐயாவுக்கு எழுதிக் கொடுத்தவருக்குப் பிரெஞ்சு தெரிந்திருந்தது. எழுத்துப் பிழை அதிகமில்லை. பங்கீட்டுப் பிரச்சினைகள், அதாவது ஆண்பால் பெண்பால் ஒருமை பன்மைக் குழப்பங்கள்கூட அபூர்வம். ஆனால் முதல் பத்தியிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘ழொரே எத்தே அரெத்தே.’ அடுத்த வரியிலும் ‘ழொரே’. அதற்கடுத்த வரியிலும். இரண்டரைப் பக்கத்தில் முப்பத்தொரு இடங்களில் அதே வடிவம்.

‘ழே எத்தே அரெத்தே’ என்று இருந்திருக்க வேண்டும். ‘நான் கைது செய்யப்பட்டேன்’ என்று அர்த்தம். நடுவில் ஓர் அசை கூடி ‘ழொரே எத்தே அரெத்தே’ ஆனதும் அது ‘நான் கைது செய்யப்பட்டேனாம்’ ஆகிவிட்டது. என்னைக் கொண்டுபோனார்களாம். என்னைக் கட்டித் தொங்கவிட்டார்களாம். பதினோரு நாள் வைத்திருந்தார்களாம்.

வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஐயா நிறுத்தினார்.

“உதென்ன பிள்ளை, ‘ஆம்’ ‘ஆம்’ எண்டு? எனக்கு நடந்ததை நான் ஆரிட்டையும் கேட்டுத் தெரிஞ்சுகொள்ள வேணுமோ?”

*

எழுதிக் கொடுத்தவர் கெட்டவர் இல்லை. அவர் பிரெஞ்சைக் கற்றது மற்றவர்களுக்கு வந்த நிராகரிப்புக் கடிதங்களிலிருந்து என்று பிறகு தெரிந்தது. அப்படி நான் பார்த்த கடிதங்களில் விண்ணப்பதாரர் சொன்னதைச் சுருக்கும் பகுதி பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் இருக்கும்: ‘அவர் கைது செய்யப்பட்டாராம், தப்பி ஓடினாராம்.’ அங்கே அது சரி. எழுதுகிற அதிகாரி சம்பவ இடத்தில் இல்லை. கேட்டதை எழுதுகிறார். கேட்டது என்று காட்டிக்கொள்ள அவருடைய மொழியில் ஒரு வடிவம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறார். நம் ஆள் அதைப் பார்த்து ‘ஆபீஸ் பிரெஞ்சு இப்படித்தான் இருக்கும் போல’ என்று நினைத்துவிட்டார். படர்க்கையைத் தன்மையாக்கினார், வடிவத்தை அப்படியே வைத்தார். அடிபட்டவன் தன் அடியைப் பற்றிக் கேள்விப்பட்டவனாகிப் போனான்.

யார் அவருக்கு அந்த வடிவத்தின் பொருளைச் சொல்லியிருக்க வேண்டும்? நாங்கள். நானும் என் சகாக்களும், நாங்கள் நடத்தும் புத்தகங்களும். நாங்கள் என்ன சொல்லிக் கொடுத்தோம் என்று பார்ப்போம்.

வடிவத்தைச் சொல்லிக் கொடுத்தோம். அது பத்து நிமிஷ வேலை. துணைவினை ஒன்று, அதன்பின் முக்கிய வினையின் இறந்தகால எச்சம். துணைவினை ‘அவ்வார்’ என்றால் அடி ‘ஒர்’ ஆகும், ‘எத்ர்’ என்றால் ‘செர்’ ஆகும். இந்த அடிகள் எதிர்காலத்திலிருந்து வந்தவை. அவற்றின்மேல் ஒட்டும் விகுதிகள் இறந்தகாலத்துக்கு உரியவை. எதிர்காலத்தின் உடம்பு, இறந்தகாலத்தின் வால். இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது: பேச்சு லத்தீனில் வினையின் வெற்று வடிவத்தோடு ‘கொண்டிருந்தேன்’ என்ற வினை ஒட்டிப் பிறந்ததுதான் பிரெஞ்சின் நிபந்தனை வடிவம். நம்முடைய ‘பாட இருந்தேன்’ என்பதற்கு ரொம்பத் தூரமில்லை.

நான், நீ, அவன், அவர்கள் நால்வருக்கும் காதில் விழுவது ‘ஒரே’. எழுத்தில் மூன்று விதம், ஒலியில் ஒரே ‘ஒரே’தான். என் வகுப்பில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், பிறகு மறக்க மாட்டார்கள். ‘நாங்கள்’ வந்தால் ஒரியோன், ‘நீங்கள்’ வந்தால் ஒரியே. போதல், வருதல், பிறத்தல், சாதல் போன்ற சில வினைகளும் தன்னையே சுட்டும் வினைகளும் ‘செரே’ கேட்கும். ‘செரே’ வந்தால் பெரும்பாலும் எச்சமும் எழுவாயைப் பார்த்து மாறும்: அவன் இறந்தானாம் என்றால் ‘இல் செரே மோர்’, அவள் இறந்தாளாம் என்றால் ‘எல் செரே மோர்த்’. ஒரு ‘த்’ ஒலியில் ஆளே மாறிவிடும். அவ்வளவுதான் வடிவம். இதில் கஷ்டம் எதுவும் இல்லை. இதைக் கற்க ஒருவர் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பதற்கு வடிவத்தில் ஒரு காரணமும் இல்லை.

அடுத்து, பயன்பாடு. இங்கேதான் நாங்கள் குற்றவாளிகள். ‘சி’ என்று தொடங்கும் வாக்கியத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தோம். ‘சி’ என்றால் ‘ஆல்’ விகுதி மாதிரி. ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்.’ முன்பாதியில் தொலை இறந்தகாலம், பின்பாதியில் நம் கதாநாயகன். ‘சி’யைத் தொட்டடுத்து ‘ரே’ வரக்கூடாது என்பதற்காகப் பிரெஞ்சுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஒரு சொல்விளையாட்டு உண்டு: ‘சி’களுக்கு ‘ரே’க்களைப் பிடிக்காது. ‘சி’ என்ற ஒலிக்கு ரம்பம் என்றும் ‘ரே’ என்ற ஒலிக்குத் திருக்கை மீன் என்றும் அர்த்தம் உண்டு. ரம்பத்துக்கும் திருக்கைக்கும் ஆகாது. நல்ல வேடிக்கை, நானும் பயன்படுத்துகிறேன்.

இந்தப் பயன்பாடு முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. புதுச்சேரிக்காரியான எனக்கு அது வீட்டுச் சொத்து. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படி நடப்புக்கு வந்தது. அங்கே பிறந்து அங்கேயே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். என் தாத்தா கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார். எங்கள் வீட்டில் இந்த இலக்கணம் அறுபது வருஷமாகச் சோற்றுத் தட்டின் முன்னால் நடந்துகொண்டிருக்கிறது: “அன்னிக்கு மட்டும் உங்க தாத்தா கையெழுத்துப் போட்டிருந்தா…” ‘என் தாத்தா கையெழுத்துப் போட்டிருந்தால், என் அப்பா பிரெஞ்சுக்காரராகவே இருந்திருப்பார்.’ இலக்கணம் கச்சிதம். பாட்டி ஒரே வரியில் முடிப்பாள்: “அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பா.” பிரெஞ்சுக்காரர்களுக்கும் இதற்கொரு பழமொழி உண்டு: ‘சி’களை வைத்துக்கொண்டு பாரிஸையே ஒரு போத்தலில் அடைத்துவிடலாமாம்.

ஆனால் நடக்காததை நினைத்து ஏங்குவது மட்டும்தான் இந்த வடிவத்தின் வேலை என்று சொல்லிக் கொடுப்பது பாதிப் பாடம். பாதிப் பாடம் சில சமயம் பாடமே இல்லாததைவிட மோசம். பெயரே அதற்குத் துணை போகிறது. ‘நிபந்தனை’ என்கிறோம். இந்த வடிவம் வரும் எத்தனையோ வாக்கியங்களில் நிபந்தனையே கிடையாது. அதனால்தான் இன்று பிரெஞ்சு இலக்கண அறிஞர்கள் பலர் இதைத் தனி வகையாக ஒதுக்காமல், சாதாரண வினைக்காலங்களுக்குள் ஒன்றாகவே சேர்த்துவிட்டார்கள். நாம் மட்டும் பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம்.

*

நிபந்தனை இல்லாமல் அது என்னென்ன செய்கிறது?

அலுவலக ஜன்னல் முன்னால் நின்று ‘ழொரே வூல்யூ’ என்று தொடங்கினால், ‘ஒன்று கேட்க வேண்டியிருந்தது’ என்று நாம் இழுப்போமே, அந்தப் பணிவு. ஆசை இப்போதுதான் இருக்கிறது, கேட்பதை மட்டும் கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்கிறோம். ‘ழொரே த்யூ’ என்றால் ‘செய்திருக்க வேண்டும், செய்யவில்லை’ என்ற வருத்தம். ‘நீ’ போட்டுச் சொன்னால் அதுவே குற்றச்சாட்டு. ‘மதியத்துக்குள் முடித்திருப்பேன் என்று அன்றைக்குச் சொன்னான்’ என்பது போல, கடந்த காலத்தில் நின்று அதற்குப் பிந்திய ஒன்றை முடிந்ததாகப் பார்க்கும் வேலையும் உண்டு.

இவற்றோடு செய்தித்தாளில் பக்கத்துக்குப் பக்கம் வரும் வேலை ஒன்றும் உண்டு: நான் பார்க்கவில்லை, சொன்னார்கள். ஒரு தீவிபத்து. காரணம் இன்னும் உறுதியாகவில்லை. நிருபர் எழுதுவார்: ‘சமையலறையில் தீ தொடங்கியதாம்.’ ஒருவர் பிடிபட்டிருக்கிறார், வழக்கு நீதிமன்றம் போகவில்லை. ‘அவர் பணத்தை எடுத்தாராம்.’ நம் செய்தித்தாள் ‘எடுத்ததாகக் கூறப்படுகிறது’ என்று முழம்போடும் இடத்தில் பிரெஞ்சுப் பத்திரிகை ‘ஒரே’ என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறது.

இதற்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது. ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பாகும்வரை அவரைக் குற்றவாளியாகக் காட்டக்கூடாது என்ற உரிமையை 1993இல் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்திலேயே எழுதிச் சேர்த்தார்கள். அதற்காக ‘ஒரே’ போட்டுவிட்டால் எதையும் எழுதலாம் என்றில்லை. 1881 ஜூலை 29ஆம் தேதியிட்ட பத்திரிகைச் சட்டத்தின் 29ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். சந்தேகத் தொனியில் எழுதினாலும் அவதூறு தண்டனைக்குரியதே என்று அதில் இருக்கிறது. ‘எடுத்தாராம் என்றுதானே எழுதினேன்’ என்று நிருபர் தப்பிக்க முடியாது. இந்த வடிவத்தின் கனம் என்ன என்று அந்த நாட்டுச் சட்டமே யோசித்து வைத்திருக்கிறது. நாங்கள் அதைப் பாடப் புத்தகத்தின் பெட்டிச் செய்தியில் இரண்டு வரியாக வைத்திருக்கிறோம். சில புத்தகங்களில் அந்த இரண்டு வரியும் இல்லை.

இன்னொரு வேடிக்கை. 1962இல், எங்கள் தாத்தா கையெழுத்துப் போடாமல் விட்ட அதே வருஷம், ‘பொத்தான் போர்’ என்ற பிரெஞ்சுத் திரைப்படம் வந்தது. இயக்கியவர் இவ் ரொபேர். அதில் ஒரு குட்டிப் பையன் பேசும் ஒரு வசனத்தில் இந்த வடிவத்தில் செய்யக்கூடிய இரண்டு பெரிய பிழைகளும் இருக்கின்றன. ‘சி’க்குப் பின்னாலேயே ‘ரே’ போடுகிறான். வருதலுக்கு ‘செரே’ போட வேண்டிய இடத்தில் ‘ஒரே’ போடுகிறான். இன்றைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பிழையை வேண்டுமென்றே சொல்லிச் சிரிக்கிறார்கள். தேசமே கொஞ்சும் பிழை. நல்லதுதான், நானும் ரசிக்கிறேன். ஆனால் என் ஐயாவின் முப்பத்தொரு ‘ழொரே’யை யாரும் கொஞ்சப் போவதில்லை. நம்பகத்தன்மை என்ற பெயரில் ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் அது எடைபோடப்படும்.

*

இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். தமிழர்களுக்கு இந்த வடிவத்தை ‘இருப்பேன்’ வழியாக மட்டும் சொல்லிக் கொடுப்பது தவறு. ‘ஆம்’ வழியாகவும் சொல்லிக் கொடுக்க வேண்டும், அதையே முதலில் சொல்ல வேண்டும்.

ஏன் ‘இருப்பேன்’ போதாது? ஏனென்றால் அது தமிழில் இரண்டு வேலை செய்கிறது. ‘சொல்லியிருந்தால் அவர் வந்திருப்பார்’ என்றால் வரவில்லை என்று அர்த்தம். ‘மணி ஆறாச்சு, அவர் வந்திருப்பார்’ என்றால் வந்துவிட்டார் என்று நம்புகிறேன். முதலாவதற்குப் பிரெஞ்சில் நம் வடிவம். இரண்டாவதற்கு அது ஆகாது. அந்த ஊகத்துக்குப் பிரெஞ்சு வேறு வினையைத் தேடும். ‘இருப்பார்’ என்றால் ‘செரே’ என்று மனப்பாடம் செய்த மாணவர், ஊகத்தைச் சொல்ல நினைத்து வதந்தியைச் சொல்லிவிடுவார். ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு கற்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி இதே பள்ளத்தில் விழுகிறார்கள். வாசிக்கும்போது இதே தவறு தலைகீழாக நடக்கும். கடிதத்தில் ‘தடுத்து வைக்கப்பட்டாராம்’ என்று இருப்பதை ‘தடுத்து வைக்கப்பட்டிருப்பார்’ என்று வாசித்துவிட்டு, “எப்ப? என்ன நடந்திருந்தா?” என்று என்னிடம் கேட்டவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

‘ஆம்’ நம்மிடம் இருக்கிறது. யாரும் கற்றுக்கொடுக்காமலே இருக்கிறது. “ஒரு ஊர்ல ஒரு ராஜாவாம், அவனுக்கு ரெண்டு பொண்டாட்டியாம்” என்று பாட்டி கதை தொடங்கும்போதே மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரியும், பாட்டி அந்த ராஜாவைப் பார்த்ததில்லை என்று. தெருமுனையில் “அவங்க வீட்டுல நேத்து சண்டையாம்” என்றால் சொல்கிறவள் அங்கே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஓர் அசை போதும். மிக நுட்பமான இந்த அறிவைத் தன் நாக்கிலேயே வைத்திருக்கும் ஒருவரிடம் போய், ‘இது மேல்நிலைப் பாடம், உங்களுக்கு இப்போது புரியாது’ என்கிறோம். பாடம் புரியாமல் இருப்பது அவருக்கா, எங்களுக்கா?

பல காலமாகப் பிரெஞ்சு நடத்தும் நண்பர் ஒருவர் என்னை மறுப்பார். அவருடைய மறுப்புகள் எடுத்தெறியக்கூடியவை அல்ல.

முதல் மறுப்பு: “ஆம் வேற, கோந்திசியொனெல் வேற. ரெண்டையும் ஒண்ணாக்காதே.” உண்மைதான். ‘ஆம்’ எந்தக் காலத்திலும் ஒட்டும்: வருகிறாராம், வந்தாராம், வருவாராம். பிரெஞ்சின் கூட்டு வடிவம் நடந்து முடிந்ததற்கு மட்டும்தான். ‘ஆம்’ கிண்டலுக்கும் வரும்: “இவரு பெரிய டாக்டராம்.” ஆகவே இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குள் நுழைய ஒரு வாசல் வேண்டும். ‘இருப்பேன்’ ஒரு வாசல், ‘ஆம்’ இன்னொன்று. நாங்கள் ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறோம் என்பதுதான் என் புகார்.

இரண்டாவது மறுப்பு: “ஏ2 எழுதப்போறவங்களுக்கு இது பரீட்சையிலே வராது.” இதற்குத்தான் எனக்குக் கோபம் வரும். 2024 ஜனவரிச் சட்டப்படி இந்த வருஷம், அதாவது 2026, ஜனவரி 1 முதல் பல வருஷ வதிவிட அட்டைக்கு ஏ2, பத்து வருஷ அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்று படிகள் உயர்ந்திருக்கின்றன. நாங்களும் அந்தப் படிக்கட்டையே பாடத்திட்டமாக்கிக்கொண்டோம். எந்தப் படியில் எந்த வினைவடிவம் என்று பரீட்சைக்காரர்கள் அடுக்கியிருக்கிறார்களோ, வாழ்க்கையும் அந்த வரிசையில்தான் வரும் என்று நம்புகிறோம். வருகிறதா? ரொட்டிக் கடையில் விரலைக் காட்டினால் ரொட்டி கிடைக்கும். ஒருவர் இந்த நாட்டில் கால் வைத்த முதல் மாதத்திலேயே, தன் ஆயுளைத் தீர்மானிக்கும் இரண்டரைப் பக்கம், பி2 வடிவத்தில், அவர் பெயரில் எழுதப்பட்டுவிடுகிறது. அதை அவர் எழுத வேண்டியதில்லை. அதில் என்ன இருக்கிறது என்று அடையாளம் காணத் தெரிந்தால் போதும். ‘ஒரே’, ‘செரே’ என்று காதில் விழுந்தால், ‘இது பார்த்ததா, கேட்டதா, நடக்காததா?’ என்று நிறுத்திக் கேட்கத் தெரிய வேண்டும். அடையாளம் காண்பதற்கும் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் மொழி ஆசிரியர்களுக்குத் தெரியாததா?

மூன்றாவது மறுப்பை அவர் சொல்லவில்லை, நானே எனக்குச் சொல்லிக்கொண்டது. ‘ஆம்’ வழியைத் திறந்துவிட்டால் மொழிபெயர்ப்பில் புதிய ஆபத்து வராதா? வரும். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

ஒருவர் சொல்கிறார்: “அண்ணாவை வானிலை ஏத்திக்கொண்டு போனவையாம்.” தம்பி அங்கே இல்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். அந்த ‘ஆம்’ அவருடைய நேர்மை. மொழிபெயர்ப்பவர் அவசரத்தில் அதை விழுங்கி, ‘அண்ணாவைக் கொண்டுபோனார்கள்’ என்று சாதாரண இறந்தகாலத்தில் சொல்லிவிட்டால், பேசுகிறவர் கண்ணால் கண்ட சாட்சியாகிவிடுவார். பத்து நிமிஷம் கழித்து, “நீங்கள் பார்த்தீர்களா?” என்று கேள்வி வரும். “இல்லை” என்பார். தமிழில் அவர் முதலிலேயே சொல்லிவிட்டது, பிரெஞ்சில் முரண்பாடாகப் பதிவாகும். மாறாக, மொழிபெயர்ப்பவர் கச்சிதமாக ‘ஆம்’ என்பதை நம் வடிவத்தில் போட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழின் ‘ஆம்’ ‘கேட்டேன்’ என்பதோடு நின்றுவிடலாம். அம்மா சொன்னதை நான் முழுக்க நம்பியும் ‘ஆம்’ போடுவேன். பிரெஞ்சு வடிவமோ, ‘இதற்கு நான் பொறுப்பில்லை’ என்ற வாடையையும் கூடவே கொண்டுவரும். சொந்த அண்ணன் காணாமல் போனதைத் தம்பியே நம்பவில்லை போல ஆகிவிடும்.

அப்போது என்ன செய்வது? சொன்னவரை வாக்கியத்துக்குள் கொண்டுவர வேண்டும். ‘அம்மா என்னிடம் சொன்னார்: அவர்கள் அண்ணாவைக் கொண்டுபோனார்கள்.’ யார் சொன்னது என்று வந்துவிட்டால் ‘ஒரே’ தேவையில்லை. பேசுகிறவர் சாட்சி இல்லை என்பதும் தெரிகிறது, நம்புகிறார் என்பதும் தெரிகிறது. ‘ஆம்’ காதில் விழுந்த உடனே ‘யார் சொன்னது?’ என்று கேட்பது, மொழிபெயர்ப்பவருக்கு நான் சொல்லக்கூடிய ஒரே விதி. இந்த விதி எங்கிருந்து வருகிறது? இரண்டு மொழிகளின் ‘ஆம்’களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் வருகிறது. ஆகவே ஆபத்து இருக்கிறது என்பது பாடத்தை ஒளித்து வைப்பதற்குக் காரணமாகாது. சீக்கிரமாகவும் முழுதாகவும் சொல்லிக் கொடுப்பதற்குத்தான் காரணம்.

ஒரு வினைவடிவத்தால் ஒரு வழக்கு தோற்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அலுவலகங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் இலக்கணப் பொறி வைத்துக் காத்திருக்கிறார்கள் என்றும் சொல்லவில்லை. நான் சொல்வது எங்களைப் பற்றி. ஒருவருடைய வாயிலிருந்து ‘எனக்கு நடந்தது’ புறப்பட்டு, தாளில் ‘எனக்கு நடந்ததாம்’ என்று போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகும் ‘அது பி2 பாடம்’ என்று சொல்கிற ஆசிரியருக்கு மனசாட்சி உறுத்த வேண்டும். எனக்கு உறுத்தியது.

ஐயாவுக்கு என்ன செய்தோம்? அன்றிரவு இரண்டு பேரும் உட்கார்ந்து முப்பத்தொரு இடத்தையும் சிவப்பில் வட்டமிட்டோம். இருபத்தேழு இடத்தில் ‘ழொரே’ ‘ழே’ ஆயிற்று, பிற வினைகளும் அதற்கேற்ப நேரான இறந்தகாலத்துக்கு வந்தன. மூன்று இடங்கள் அவர் உண்மையிலேயே கேள்விப்பட்டவை. அங்கே சொன்னவர்களை எழுதினோம்: மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், கோயில் ஐயர். ஒரே ஓர் இடத்தில் மட்டும் ‘ழொரே’ அப்படியே இருந்தது. ‘அன்றைக்கு வீட்டில் இருந்திருந்தால் நான் செத்திருப்பேன்’ என்ற வரி. அதிலும் எழுதியவர் ‘ஒரே’ போட்டிருந்தார். சாதலுக்கு ‘செரே’ வரவேண்டும். திருத்தினேன். நேர்காணல் தொடங்கும்போதே, எழுத்தில் பிழை இருக்கிறது, திருத்தம் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். சொன்னாராம். (பாருங்கள், நானும் அங்கே இல்லை.) முடிவு என்ன ஆயிற்று என்பது அவருடைய சொந்த விஷயம்.

அதற்குப் பிறகு என் வகுப்பில் இந்த வடிவம் மூன்றாவது வாரத்திலேயே வந்துவிடுகிறது. எழுதச் சொல்வதில்லை, கட்டம் போடுவதில்லை. பழைய செய்தித்தாள்களைக் கட்டாகக் கொண்டுபோய் மேசையில் போடுவேன். ‘ஒரே’, ‘செரே’ தெரிகிற இடத்தையெல்லாம் பேனாவால் வளையுங்கள், ‘ஆம்’ போட்டு வாசியுங்கள். அவ்வளவுதான் பயிற்சி. மற்ற சொற்கள் பாதி தெரியாது, பரவாயில்லை.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கச்சி, விடிகாலை நாலு மணிக்கு எழும்பித் துப்புரவு வேலைக்குப் போகிறவள், ஒரு பக்கம் முழுக்க வளைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ரீச்சர், இவ்வளவு பெரிய பேப்பர். இதிலை அரைவாசிக்கு மேலை இவையும் பாக்கேல்லையோ?”

“பாக்கலம்மா. கேள்விப்பட்டதுதான்.”

“அப்ப நாங்கள் பாத்ததைச் சொல்லேக்கை உந்த ‘ஒரே’ போடக்கூடாது, என்ன?”

“போடக்கூடாது.”

தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.